போட்ட றப்பர் தரையை வெட்டி எடுக்கலாமா? பாக்கிக் காசை எப்படி வாங்குவது?

கேள்வி: நான் அப்புத்தளையில் இருக்கிறேன். பழைய டயரிலிருந்து வரும் றப்பர் துகளைப் பசையில் குழைத்து, வாகனப் பாதைக்கும் நீச்சல்குளத்தைச் சுற்றியும் தரை போட்டுக்கொடுக்கும் கொந்தராத்து வேலை செய்கிறேன். என்னோடு ஐந்து பையன்கள். எல்ல பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு 48 இலட்சம் ரூபாவுக்கு வேலை எடுத்தேன். 25 இலட்சம் தந்தார்கள். போன டிசம்பர் 18ஆம் திகதி வேலையை ஒப்படைத்தேன். ஜனவரியில் 10 இலட்சத்துக்கு ஒரு செக் தந்தார்கள். கொடுப்பனவை நிறுத்தச் சொல்லிவிட்டதாக அது திரும்பிவிட்டது. மீதி 13 இலட்சத்துக்குப் பேச்சே இல்லை. இப்போது கேட்டால், "குளத்தோரம் கொப்புளம் கிளம்பி உரிகிறது, ஒரு வெள்ளைக்காரர் வழுக்கி விழுந்தார், நீதான் எங்களுக்கு நட்டஈடு தரவேண்டும்" என்கிறார் முதலாளி. உடன்படிக்கை எதுவும் எழுதவில்லை. கொட்டேசனை வட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஓகே என்று பதில் வந்தது, அவ்வளவுதான். பொலிசில் இது சிவில் விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள். போட்ட தரையை நானே வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா? வழக்கென்றால் முதலாளி இருக்கும் கொழும்புக்கு அலைய வேண்டுமா? எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

பதில்: வெட்டி எடுக்கிற யோசனையை முதலில் விடுங்கள். கொங்கிரீட்டோடு ஒட்டி இறுகிவிட்ட தரை சட்டப்படி அந்தக் காணியின் பகுதியாகிவிட்டது. காசு வராவிட்டாலும் அது இப்போது உங்கள் பொருள் இல்லை. கம்பியும் கத்தியுமாக உள்ளே போனால் அத்துமீறி நுழைந்ததாகவும் சொத்துக்குச் சேதம் செய்ததாகவும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வழக்கு வரும். இன்றைக்கு சிவில் விஷயம் என்று உங்களைத் திருப்பி அனுப்பிய அதே பொலிஸ், அன்றைக்கு உங்களைத் தேடி அப்புத்தளைக்கு வரும். காசு கிடைக்கும்வரை செய்த வேலையைக் கைவிடாமல் வைத்திருக்கும் உரிமை ஒன்று நமது உரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டுதான். ஆனால் இடம் உங்கள் கைவசம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். டிசம்பர் 18இல் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததோடு அது போய்விட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதம் செப்டம்பர் கடைசியில் வந்திருக்கிறது. வழக்குகளுக்குக் காலவரையறை போடும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, செய்து கொடுத்த வேலைக்கான கூலிக் கடனை அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும் என்கிறது. எழுத்திலான ஒப்பந்தம் என்றால் 6ஆம் பிரிவின்படி ஆறு வருடம். வாய்ப்பேச்சு ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக மூன்று வருடம் உண்டு, அதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். வேலைக் கூலி என்று வரும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிப்பிடிப்பது அந்த ஒரு வருடத்தைத்தான்.

வட்ஸ்அப் கொட்டேசனும் அதற்கு வந்த ஓகேயும் எழுத்திலான ஒப்பந்தம் இல்லையா என்று கேட்பீர்கள். நல்ல வாதம்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தைத் தள்ளிவிடக் கூடாது என்கிறது. உங்கள் சட்டத்தரணி நிச்சயம் அந்த வாதத்தை வைப்பார். ஆனால் 13 இலட்சத்தை ஒரு வாதத்தின் தலையில் கட்டிவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது புத்தி இல்லை. வரும் டிசம்பர் 18ஐக் கடைசி நாளாக வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். "ஜனவரி சீசன் முடியட்டும், தருகிறேன்" என்று முதலாளி வாயால் சொல்வதால் அந்தக் கெடு நீளாது. அவர் கையெழுத்திட்டு, இவ்வளவு பாக்கி இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீளும். பாக்கிக் கணக்கில் ஒரு பகுதியைக் கட்டினாலும் நீளும். கொஞ்சம் காசு தருகிறேன் என்று கூப்பிட்டால் போய் வாங்குங்கள். ஆனால் கையில் வாங்காமல் வங்கியில் போடச் சொல்லுங்கள், எந்த வேலைக்கான பாக்கி என்று சிட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது செக். அதைக் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான கடதாசி அதுதான். செக்கின் மேல் வழக்கிட ஆறு வருடம் இருக்கிறது. அதோடு, செக் போன்ற ஆவணங்களுக்கு குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் சுருக்கமான ஒரு வழி உண்டு. செக்கையும் சத்தியக்கடதாசியையும் வைத்து வழக்குத் தாக்கல் செய்தால், எதிராளி நினைத்த மாதிரி வந்து மறுமொழி போட முடியாது, நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். தன் பக்கம் ஏதோ நியாயம் இருப்பதாகக் காட்டாவிட்டால் காசைக் கட்டிவிட்டு வாதாடு என்று நீதிமன்றம் சொல்லலாம். தரை உரிந்துவிட்டது, அதனால்தான் நிறுத்தினேன் என்பார் முதலாளி. அங்கேதான் திகதி பேசும். கொப்புளம் பற்றிய முதல் முறைப்பாடு எப்போது வந்தது? செக்கை நிறுத்திய பிறகு என்றால் அந்தக் கதை நிற்காது.

செக் எழுதினவரை உள்ளே போட்டுவிடலாம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில், கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதுவது குற்றம்தான். உங்கள் செக் காசில்லாமல் திரும்பவில்லை, நிறுத்தப்பட்டுத் திரும்பியிருக்கிறது. நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று அவர்கள் நின்றால் அந்த வழி இழுபடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சிவில் வழியில்தான் போவேன். வங்கி தந்த திருப்பல் சீட்டை செக்கோடு பத்திரமாக வையுங்கள், இரண்டின் மூலப்பிரதியையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். செக் யாருடைய கணக்கு என்று பாருங்கள், கம்பனியா, முதலாளியின் சொந்தப் பெயரா. வழக்கு அந்தப் பெயரில்தான் போகும். பத்தும் பதின்மூன்றும் ஒரே வழக்கிலா, இரண்டு வழக்கிலா என்பதை ஆவணங்களைப் பார்த்து உங்கள் சட்டத்தரணி முடிவு செய்யட்டும். ஒரே கடனைத் துண்டுபோட்டு வழக்காட நீதிமன்றம் இடம்கொடாது, அதனால் இது யோசித்துச் செய்ய வேண்டியது.

இனி உரிகிற தரைக்கு வருவோம். உங்களுக்கு இடிக்கப்போகும் இடம் இதுதான், மறைத்துப் பேசிப் பயனில்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். வாகனப் பாதையில் ஒன்றும் இல்லை. குளத்தின் மேட்டுப்பக்கம், மண் அணைக்கு ஒட்டின மூலையில், தட்டளவு கொப்புளங்கள் நாலைந்து. ஓரிடத்தில் விளிம்பு தூக்கி, அடியில் கொங்கிரீட் ஈரமாகத் தெரிகிறது. கொங்கிரீட்டை ஹோட்டலின் பாஸ்மார் நவம்பர் 20 வாக்கில் போட்டதாகவும் நீங்கள் டிசம்பர் 6இல் மேலே றப்பர் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதினாறு நாள். கொங்கிரீட்டுக்கு 28 நாள் விடுவது உங்கள் தொழிலின் பாலபாடம். அதுவும் ஊவாப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை விடுவதில்லை. பொலியூரித்தேன் பசை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஆனால் அடியில் ஈரம் கூடினால் வாயு கிளம்பிக் கொப்புளிக்கும். இதெல்லாம் எனக்கு நீங்கள் சொல்லித் தெரிந்தது. நீதிபதிக்கும் இதையே சொல்லப்போகிறீர்கள். அப்போது அடுத்த கேள்வி வரும்: தெரிந்தும் ஏன் போட்டாய்?

தொழில் தெரிந்தவன் என்று வேலையை எடுத்தவர், அந்தத் தொழிலுக்குரிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்பது எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் உண்டு. அடித்தளம் சரியில்லை என்று கண்டால் எச்சரிக்கவும் வேண்டும். அந்த எச்சரிக்கைதான் உங்கள் உயிர்நாடி. "காயவில்லை, இரண்டு கிழமை பொறுப்போம்" என்று சொன்னேன் என்கிறீர்கள். அதற்கு முதலாளி அனுப்பிய பதிலை நீங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ தேவையில்லாத விஷயம் மாதிரி, இணைத்திருக்கிறீர்கள்: நத்தாருக்கு ஆட்கள் வருகிறார்கள், பரவாயில்லை, போடு என்று, சிங்களத்தை ஆங்கில எழுத்தில் தட்டி. அந்த ஒரு செய்தி உங்களுக்குப் பல இலட்சம் பெறும். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், மெமரி நிறைந்துவிட்டது என்று பழைய உரையாடலை அழிக்காதீர்கள். இலக்கமும் திகதியும் தெரியும்படி முழு உரையாடலையும் அச்செடுத்து, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குங்கள்.

இப்படி அழுத்தம் கொடுத்துப் போடச் சொன்னவர், பிறகு முழுக் காசையும் தரமாட்டேன் என்று நிற்க முடியாது. அந்தச் செய்தி இல்லாவிட்டாலும்கூட, பெரும்பகுதி ஒழுங்காக முடிந்த வேலையை எடுத்துப் பாவித்துக்கொண்டிருப்பவர், பழுதைத் திருத்த ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தர வேண்டும் என்றே நாம் வாதாடுவோம். ஒரு மூலையில் நாலு கொப்புளத்துக்காக 23 இலட்சத்தையும் பிடித்துவைப்பது நியாயத்துக்கு ஒட்டாது. பாவிக்கிறார்கள் என்பதைக் காட்ட நீங்கள் உள்ளே போய்ப் படம் பிடிக்கத் தேவையில்லை. ஹோட்டல்காரர்கள் சும்மா இருப்பதில்லை, அவர்களுடைய பேஸ்புக் பக்கத்திலேயே அந்தத் தரையில் கதிரை போட்டு விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும் படங்கள் கிடக்கும். திகதி தெரியும்படி இன்றைக்கே எடுத்து வையுங்கள், வக்கீல் கடிதம் போனவுடன் அவை காணாமல் போகலாம்.

பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குவதற்கு ஆகும் காசைப் பார்க்காதீர்கள். மேட்டு அணையிலிருந்து நீர் அடியில் ஊறிவருகிறதா, ஹோட்டல் அங்கே கான் வெட்டியிருக்கிறதா, கொப்புளம் அந்த மூலையோடு ஏன் நின்றது என்பதை அவர் சொன்னால் அதற்கு எடை உண்டு. உள்ளே விடமாட்டார்கள் என்றால் வழக்கில் ஆணையாளர் ஒருவரை நியமித்து இடத்தைப் பார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். திருத்திக் கொடுக்கத் தயார் என்றும் எழுதுங்கள், ஆனால் வார்த்தையைக் கவனியுங்கள். "என் பிழையைத் திருத்தித் தருகிறேன்" என்று எழுதினால் அது உங்களுக்கு எதிரான சாட்சி. "எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி, நல்லிணக்கத்துக்காக" என்று தொடங்கி சட்டத்தரணி எழுதட்டும்.

வழுக்கி விழுந்த வெள்ளைக்காரர் கதைக்கு நான் பெரிதாகப் பயப்படவில்லை. நிழல் விழும் ஈரத் தரையில் பாசி பிடிக்கும், அதைக் கழுவித் துப்புரவாக வைப்பது இடத்தை நடத்துகிறவர் பொறுப்பு. விழுந்தவர் யார், எப்போது, வைத்தியசாலைக்குப் போனாரா, உங்கள் வேலையின் பழுதுதான் காரணமா, எல்லாவற்றையும் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். காசு கேட்ட பிறகு திடீரென்று முளைத்த விபத்துகளை நீதிமன்றங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன.

பையன்களின் சம்பளத்தை இந்த வழக்கோடு முடிச்சுப்போடாதீர்கள். ஹோட்டல் தந்தால் தருகிறேன் என்பது சட்டத்தில் பதிலாகாது, அவர்களுக்கு முதலாளி நீங்கள். தொழில் திணைக்களத்துக்கு அவர்கள் போனால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்டினாயா என்ற கேள்வியும் கூடவே வரும். கொழும்பில் வாங்கிய பசை ட்ரம்களின் லேபலும் பற்றுச்சீட்டும் இருந்தால் எறியாதீர்கள். சரக்கில்தான் பழுது என்று பொறியியலாளர் சொன்னால், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விற்றவரைப் பிடிக்கலாம்.

கொழும்புக்கு நீங்கள் அலைய வேண்டாம். வேலை நடந்ததும் காசு கொடுபடாததும் இந்தப் பக்கத்தில், எனவே பண்டாரவளை மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம், அவர் அங்கிருந்து வரட்டும். சிறு தொகை வழக்குகள்தான் மத்தியஸ்த சபையைக் கடந்து வரவேண்டும், உங்கள் 23 இலட்சத்துக்கு அது கட்டாயமில்லை. இரண்டு பேரும் இணங்கினால் சனி, ஞாயிறில் பாடசாலையில் கூடும் சபை முன்னால் போய்ப் பேசிப்பார்ப்பதில் தவறில்லை, டிசம்பர் கெடுவை மட்டும் மறக்காதீர்கள்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பண்டாரவளை நீதிமன்றத்தில் பதிவு சிங்களத்தில்தான் நடக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்கைத் தமிழில் தொடங்கவும் ஆவணங்களைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பேசவும் உங்களுக்கு உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பாளரைத் தருவது அரசின் பொறுப்பு, நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. அதனால் வாசித்துப் பார்க்க முடியாத எந்தச் சிங்களக் கடதாசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள், குறிப்பாக "சின்ன செட்டில்மென்ட்" என்று முதலாளியின் ஆள் கொண்டுவந்து நீட்டும் எதிலும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால், நீதிமன்றத்தில் விசாரித்து சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது செக், திருப்பல் சீட்டு, வட்ஸ்அப் அச்சுப்பிரதி, வங்கிக் கூற்று, பசைக்கான பற்றுச்சீட்டு ஐந்தையும் கொண்டுபோங்கள். கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் ஒக்டோபர் முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். 14 நாள் தவணை கொடுத்தால் போதும்.