தையல் மெசின் கொடுத்தோம், பிறகு? ஆராய்ச்சி எங்களுக்கு உதவிய விதம்

"குடும்பங்களுக்கு உதவி செய்யும் திட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆராய்ச்சி முடிவுகள் உண்மையில் பயன்படுமா, அல்லது அது பல்கலைக்கழகத்தோடு முடிகிற விசயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படும். நான் கண்டதைச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், கணவன் இல்லாத பெண்களின் குடும்பங்களுக்கான வாழ்வாதாரத் திட்டமொன்றில் சில வருடம் வேலை செய்தேன். தையல் மெசின், கோழி, ஆடு, பெட்டிக்கடைக்குச் சாமான் என்று கொடுப்போம். கொடுக்கும் அன்று படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, எத்தனை குடும்பம் என்று அறிக்கை எழுதினால் வேலை முடிந்தது.

ஒருநாள் வேறு அலுவலாக வவுணதீவுப் பக்கம் போனபோது, முந்தின வருடம் மெசின் வாங்கிய ஒரு அக்காவின் வீட்டில் இறங்கினேன். மெசின் மூலையில் நின்றது. மேலே பழைய சாறியொன்றை நாலாக மடித்துப் போட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். "ஏன் அக்கா, தைக்கிறதில்லையா?" என்றேன். "இந்த ஒழுங்கைக்குள்ள மட்டும் மூணு வீட்டுக்குக் குடுத்திருக்கீங்க மிஸ். ஆருட சட்டைய ஆர் தைக்கிற?" என்றார். கோபமே இல்லை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார். அந்த மூன்று வீட்டுப் பெயரையும் பட்டியலில் எழுதியது நான்தான். அன்றிரவு நித்திரை வரவில்லை.

பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நம் நாட்டிலேயே முக்கியமான ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் மூவரும் 2005 முதல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்பவர்களுக்கு, குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவு செய்து, 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. இதை மட்டும் வாசித்தால் "பொம்பிளைகளுக்குக் கொடுத்துப் பயனில்லை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் 2019இல் வேறொரு குழு அதே தரவை இந்தியா, கானா தரவுகளோடு சேர்த்துத் திரும்பப் பார்த்தது. பெண்ணுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி கணவனின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் மட்டும்தான் என்றால், அவருடைய இலாபமும் நன்றாகவே ஏறியிருக்கிறது. எங்கள் பட்டியலில் இருந்த அக்காமார் இந்த வகைதான். ஆக, குறை அவர்களிடம் இல்லை, நாங்கள் கொடுத்த விதத்தில்தான்.

எந்த விதத்தில் கொடுப்பது? அதற்கு 2015இல் வெளிவந்த ஆறு நாட்டு ஆய்வு உதவியது. எத்தியோப்பியா, கானா, ஹொண்டூராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு நாடுகளில் மிக வறிய குடும்பங்களுக்குத் தொழிலுக்கான பொருளோடு பயிற்சி, ஆரம்ப மாதங்களில் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் காசு, சேமிப்பு, இவற்றோடு அடிக்கடி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். பங்களாதேஷில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய முறை அது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் உதவி கிடைக்காத அதே மாதிரிக் குடும்பங்களைவிட இவர்களின் சாப்பாடும் வருமானமும் நன்றாக இருந்தன. ஹொண்டூராஸில் மட்டும் பிசகியது: பெரும்பாலானவர்கள் கோழி எடுத்தார்கள், நோய் வந்து அநேகமானவை செத்துவிட்டன.

அதை வாசித்த கையோடு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனோம். அடுத்த முறை தடுப்பூசி போட்ட பிறகுதான் கோழி கொடுத்தோம். ஒழுங்கை ஒழுங்கையாக யார் என்ன தொழில் செய்கிறார் என்று கொப்பியில் எழுதினோம். தொழிலைக் குடும்பமே தெரிவு செய்ய விட்டோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போனோம். மாரியில் வெள்ளம் நின்றால் போக முடியாது, அந்த நாட்களில் போனில் பேசினோம். இதற்கெல்லாம் ஆளும் பெற்றோலும் வேண்டும், அதனால் குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. மேலிடத்தில் பெரிய வாக்குவாதம். 40 குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைவிட 20 குடும்பத்தோடு ஒன்றரை வருடம் நிற்பது நல்லது என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன். அந்த அக்கா மெசினை விற்று இடியப்பம் அவிக்கத் தொடங்கினார். காலையில் ஆறு மணிக்குள் விற்று முடிந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள், வெளியூர் ஆய்வின் கேள்விப் பத்திரத்தை அப்படியே இங்கே எடுத்து வராதீர்கள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் தாய்மாரின் கையில் மிஞ்சுகிற காசு வங்கிக்குப் போகாது. ஒரு வீட்டில் "சேமிப்பு: இல்லை" என்று படிவத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். வளவுக்குள் வேலியோரமாகச் சீமெந்துக் கல் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தது, மழைக்குத் தகரம் போட்டு மூடி. மகளுக்கு அப்போது பதினொரு வயது. அன்றிலிருந்து "வீட்டு வேலை தொடங்கியாச்சா, கல் எத்தனை வாங்கியாச்சு?" என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்த்துக்கொண்டோம்.