அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம். ஆனால் வேட்டைக்கு அனுமதியுள்ள சில இடங்களைத் தவிர, சுடக் கூடாது.

முன்பு துப்பாக்கியில் குண்டுகளைக் கழற்றி, கைக்கு எட்டாமல் கட்டி வைக்க வேண்டியிருந்தது. 2009-ல் கிரெடிட் கார்டு சட்டத்தோடு ஒட்டி, இதை மாற்றும் ஒரு திருத்தம் நிறைவேறியது. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தனியாக விவாதித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2010 பிப்ரவரி 22 முதல், பூங்கா இருக்கும் மாநிலத்தின் சட்டமே பொருந்துகிறது. யெல்லோஸ்டோன் பூங்கா வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவியிருப்பதால், நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து விதி மாறும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பார்வையாளர் மையம், ரேஞ்சர் அலுவலகம் போன்ற மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் எடுத்துச் செல்லத் தடை. வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள்.

சரி, கரடிக்குப் பயந்து கேட்கிறீர்களா? யெல்லோஸ்டோனில் கரடி ஸ்பிரேயை (கரடியை விரட்டும் மிளகாய்க் கார ஸ்பிரே) இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், பைக்குள் போடாதீர்கள். பாய்ந்து வரும் கரடியைக் குறிபார்த்துச் சுடுவது லேசில்லை. காயம்பட்ட கரடி இன்னும் ஆபத்து.