ஒன்பது நாள் பிள்ளையின் பெயரில்

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். எங்கள் மகன் 29 வாரத்தில் பிறந்து ஒன்பது நாள் இருந்தான். ஒன்பது நாளும் தையல் வலியோடு அவனுடைய இன்கியுபேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். அவன் போன பிறகு என்னை வார்டில் விட்டுவிட்டு இவரும் மச்சானும்தான் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். வருகிற மாதம் முதல் பிறந்தநாள். அவன் பெயரில் பத்து லட்சம் சேர்த்து, குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக்கு ஏதாவது செய்ய ஆசை. மாமி, “அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப எடுக்காதே, அடுத்த பிள்ளைக்குக் கூடாது” என்கிறார். உறவுக்காரர் ஒருவர் துக்கத்தை விளம்பரம் செய்கிறோம் என்றார். செய்யலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

செய்யுங்கள். அவன் பெயரிலேயே செய்யுங்கள்.

நம் வீடுகளில் ஒருவர் போய்விட்டால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கிறோம், வம்சாவளி, படம், தேவாரம், பேரப்பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை பிறந்தால் 31ஆம் நாள் துடக்குக் கழித்து வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுகிறோம். பிறப்புக்கும் 31, இறப்புக்கும் 31. உங்கள் மகனுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை, அவன் இருந்தான் என்று ஊருக்குச் சொல்ல ஒரு நாள்கூட உங்களுக்குத் தரப்படவில்லை. அதை நீங்களாக ஏற்படுத்திக்கொள்வது விளம்பரம் இல்லை.

ஆனால் அந்தப் பத்து லட்சத்தை விட்டுவிடுங்கள். ஏழரை லட்சத்தில் நின்றுபோனால், பிள்ளைக்கே ஏதோ குறைந்துவிட்டது என்று உங்கள் மனசு சொல்லும். தொகையைச் சொல்லாமல் பொருளைச் சொல்லிக் கேளுங்கள். 2022இல் நாடு மருந்துக்குத் தவித்தபோது, பிறந்த பிள்ளைகளின் மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாய்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன, அனுப்பி உதவுங்கள் என்று சிசு வைத்தியர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் உள்விட்டம், குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரோவைவிட மெல்லியது. பெரிய மெஷின் வாங்கிக் கொடுப்பது நல்லதுதான், அதைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், அதனால் முதலில் அந்த வார்டின் சிஸ்டரிடம் இல்லாமல் கஷ்டப்படுவது எது என்று கேளுங்கள், பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் கதிரை. உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடமே அந்தப் பிளாஸ்டிக் கதிரைதான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியுபேட்டர் போதாமல், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படக் கட்டிவைத்துச் சூடு கொடுத்தார்கள். இன்று கங்காரு முறை என்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அதற்குத் தாய் மணிக்கணக்கில் அசையாமல் சாய்ந்திருக்க வேண்டும். வயிற்றில் தையலோடு முதுகு சாய்க்க முடியாத கதிரையில் அது எப்படி முடியும்? நல்ல சாய்மனைக் கதிரைகள், கழுவித் துடைக்கக்கூடிய உறை போட்டது, வார்டில் இடமிருக்கிற அளவுக்கு. கடைக்கு நேரே பணம் கட்டி, பில்லை எல்லாருக்கும் காட்டுங்கள். குழாய்களோடு இருக்கிற அவனுடைய படத்தை மட்டும் போட வேண்டாம், அது உங்கள் இரண்டு பேருக்கும் உரியது.

இவரிடமும் ஒருமுறை தனியாகப் பேசுங்கள். கனத்தைக்குக் கையில் தூக்கிக்கொண்டு போனவர் அவர், அன்று என்ன நடந்தது என்று அவரிடம் யாராவது கேட்டார்களா தெரியவில்லை.

அப்புறம் மாமி. அவர் சொல்வது கோபத்தில் இல்லை, பயத்தில். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அம்மா கொஞ்சம் நிறுத்தி, “நாலு. ஒண்டு இல்லை” என்பார். எனக்கு முந்திப் பிறந்தவன், இரண்டு நாள் இருந்தவன். அலுமாரியின் மேல்தட்டில் நப்தலீன் வாசத்தோடு ஒரு வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தார், என் உள்ளங்கை அளவு. அடுத்து வந்த எங்கள் மூன்று பேருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. மாமியிடமும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பாருங்கள், அவசரப்படாமல், அவர் பதில் சொல்லும்வரைக்கும்.

முதல் கதிரைக்கு என் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மாவின் அந்தப் பிள்ளைக்காக. அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. பட்டியலில் ‘மூத்தவன்’ என்று எழுதினால் போதும்.

அன்புடன்,
அண்ணா