சுதந்தரம் என்றால் விடுதலையா?

அன்புள்ள ஐயா,

பைபிளில் யோசுவா புத்தகத்தை இப்போதுதான் முழுதாக வாசித்தேன். வீட்டிலிருந்த பழைய மொழிபெயர்ப்பு. இஸ்ரவேலரின் கோத்திரங்களில் ஒன்றான லேவி கோத்திரத்துக்கு மோசே சுதந்தரம் கொடுக்கவில்லை என்று 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. எகிப்திலிருந்து எல்லாரும்தானே வந்தார்கள், இவர்களுக்கு மட்டும் ஏன் விடுதலை இல்லை என்று குழம்பிவிட்டேன். நிலத்தைச் சொல்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. கடவுள் கொடுத்த அந்த நிலம் அவர்களுக்கே சொந்தமா? பெண்களுக்குப் பங்கு இருந்ததா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நானும் சிறுவயதில் அதே இடத்தில் தடுக்கி விழுந்தவன்தான். அந்தச் ‘சுதந்தரம்’ பழைய வழக்கு. வழிவழியாக வரும் பாத்தியதை என்று பொருள். களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்களுக்குப் போகும் பங்கையும் நம் பக்கத்தில் அப்படித்தான் சொன்னார்கள். எபிரேயத்தில் ‘நஹலா’. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘உரிமைச்சொத்து’ என்று தெளிவாகவே இருக்கும். எனக்கென்னவோ பழைய சொல் மேல்தான் ஆசை.

லேவியருக்கு வயல் இல்லையே தவிர, குடியிருக்க 48 ஊர்களும் மேய்ச்சல் நிலமும், மற்றவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் உண்டு.

சரி, சொந்தமா? இல்லை. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் கடவுள் கறாராகச் சொல்லிவிடுகிறார்: நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் புறக்குடிகள், அறுதியாக விற்கக் கூடாது. வறுமையில் விற்றால் நெருங்கிய உறவினன் மீட்கலாம். யாரும் மீட்காவிட்டாலும் 50ஆம் ஆண்டான யூபிலியில் அது பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். அதுவரை எத்தனை விளைச்சல் மிச்சமோ அதற்குத்தான் விலை. பேருக்கு விற்பனை, நடப்பில் குத்தகை.

இதை வைத்துப் பார்த்தால்தான் பைபிளில் பின்னால் வரும் நாபோத்தின் பிடிவாதம் விளங்கும். இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் ராஜா அரண்மனைக்குப் பக்கத்தில் கீரைக்கொல்லை போட அவனுடைய திராட்சத் தோட்டத்தைக் கேட்கிறான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் வாங்கிக்கொள் என்கிறான். நியாயமான பேரம்தான். நாபோத்தோ பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள்.

பெண்கள் விஷயம் எண்ணாகமம் 27இல். மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத் மகன் இல்லாமல் வனாந்தரத்தில் இறந்துபோகிறான். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து மகள்கள். சபை முழுவதும் கூடியிருக்க, வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடார வாசலில் வந்து நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை; கடவுளிடம் போகிறார். அவர்கள் சொல்வது சரி என்று தீர்ப்பு வருகிறது.

இதைச் சமஉரிமை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மகன் இருந்தால் மகளுக்கு ஒன்றும் கிடையாது. அப்புறம் 36ஆம் அதிகாரத்தில் வம்சத் தலைவர்கள் வந்து நிற்கிறார்கள்: இவர்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலமும் கூடவே போய்விடுமே! கோத்திரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்று ஆனது. ஐவரும் தகப்பனுடைய சகோதரர்களின் மகன்களையே கட்டிக்கொண்டார்கள். (நமக்கு அது அண்ணன் தம்பி முறை; நம் பாட்டிமார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.)

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. 1910இல், ஆகாபின் தலைநகராக இருந்த சமாரியாவில் நடந்த அகழாய்வில், மையால் எழுதிய பானையோடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு எண்ணெய், எவ்வளவு திராட்சரசம் வந்தது என்ற கணக்கு. அந்தப் பகுதிகளில் இரண்டின் பெயர் நோவாள், ஒக்லாள்.