உறவுக்காரர் கொண்டுவரும் ‘பிளான்’: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் ஒன்பது ஆண்டுகள் நகைக்கடன் மேசை. நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் (பொருளும் வாங்கி, ஆளும் சேர்த்து, அவர்கள் வாங்குவதில் கமிஷன் பெறும் முறை) சேர்வதற்காக வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களை அங்கேதான் முதலில் பார்த்தேன். பிறகு என் சொந்தத் தங்கையையே அந்த வரிசையில் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன்.

நாமக்கல்லிலிருந்து ஒரு சகோதரி: என் நாத்தனார் மூன்று மாதமாக ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். “ஐ.டி. (உறுப்பினர் எண்) போட்டுக்கொள், மாதம் கொஞ்சம் பொருள் வாங்கினால் போதும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்” என்கிறார். அது நம்பகமானதா?

நிறுவனத்தின் பெயரை விடுங்கள். நாத்தனாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அடுத்த மாதம் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை என்றால் உங்களுக்கு எவ்வளவு வரும்?” ஐ.டி. இல்லாத வெளியாட்கள் பொருளின் தரத்துக்காகவே மீண்டும் மீண்டும் வாங்குகிறார்கள் என்றால் அது வியாபாரம். வாங்குகிற எல்லோரும் சேர்ந்தவர்களே, சேர்ந்ததால்தான் வாங்குகிறார்கள் என்றால், ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் போடுகிறார்கள். நடுவில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

என் தங்கை கதையைச் சொல்கிறேன். பதினெட்டு மாதம் அதில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுப் பரணில் பாத்திரம் எடுக்க ஏறியபோது, பழைய புடவையால் மூடி வைத்திருந்த பதினாறு புரோட்டீன் பவுடர் டப்பாக்களைப் பார்த்தேன். ஏழு டப்பாக்களுக்குக் காலாவதித் தேதி கடந்திருந்தது. நான் எதுவும் பேசவில்லை. இறங்கிவந்து, பிள்ளையின் பழைய ரூல்டு நோட்டை எடுத்து, இருவரும் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதினோம்.

‘ஆக்டிவ்’ உறுப்பினராக இருப்பதற்காக மாதம் 4,500 ரூபாய்க்குக் கொள்முதல், பதினெட்டு மாதத்துக்கு 81,000. வெளியூர்ப் பயிற்சிக் கூட்டம் மூன்று, கட்டணமும் பஸ்ஸும் தங்கலும் சேர்த்து 10,500. வீட்டுக்கு ஆள் கூப்பிட்டுப் பிளான் காட்டிய காபி, பலகாரம், போன், ஆட்டோ என்று மாதம் 1,200 வீதம் 21,600. ஆகச் செலவு 1,13,100. வந்தது? கமிஷன் 19,400, பொருள் விற்றது 22,000. நிகரமாக 71,700 ரூபாய் நட்டம். அடகு வைத்த இரண்டு வளையலுக்கு வட்டி தனி. கூட்டத்தில் மேடையேற்றி அவளைக் கைதட்டிப் பாராட்டியபோது சொன்ன எண் 19,400 மட்டும்தான். அவளும் அந்த எண்ணைத்தான் மனத்தில் வைத்திருந்தாள். பொய் சொல்லவில்லை, மற்றவற்றை அவள் எழுதிப் பார்த்ததே இல்லை.

உங்கள் நாத்தனாரையும் எழுதச் சொல்லுங்கள். எதுவானாலும் நகையை அடகு வைத்து ஐ.டி. போடாதீர்கள்.

சேலம் வாசகர்: ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, கம்பெனிப் பதிவு இருக்கிறது, அரசின் நேரடி விற்பனை விதிகளின்படி நடக்கிறோம் என்று சான்றிதழ் காட்டுகிறார்கள். அப்படியானால் சட்டபூர்வமானதுதானே?

பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பரில் வந்தன. நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு திட்டம் (ஆள்மேல் ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் திட்டம்) நடத்துவதை அந்த விதிகளே தடை செய்கின்றன. முன்கூட்டி அனுமதி பெறாமலும் அடையாள அட்டை இல்லாமலும் உங்கள் வீட்டுக்கு விற்பனையாளர் வரக் கூடாது. “நீங்கள் வாங்குங்கள், நாலு பேரைக் காட்டுங்கள், போட்ட பணம் திரும்பிவிடும்” என்று சொல்லி விற்பதும் தவறு. அதற்கும் முன்பே 1978இல் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் வந்துவிட்டது; மீறினால் மூன்று ஆண்டுவரை சிறை. சான்றிதழ் காட்டுகிறவரிடம் இந்த விதிகளையும் காட்டச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்: அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இவர்கள் தரும் மூலிகைச் சாற்றைக் குடிக்கிறார். பரவாயில்லையா?

இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாற்றுப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

விழுப்புரம்: (ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி) இது எப்படி?

நாமக்கல் சகோதரிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: எங்கள் அப்பா ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் பணம் போட்டு இழந்தவர். இதுவும் அதுவும் ஒன்றா?

வேறு. பெருந்துறைப் பக்கம் 2012இல் உடைந்த ஈமு விவகாரம் முதலீட்டு மோசடி: பணத்தைக் கொடு, மாதாமாதம் தருகிறேன் என்பது. அதற்குத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997 இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும். நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் உங்கள் கையில் ஒரு டப்பா கொடுத்துவிடுகிறார்கள். ‘பொருள் வாங்கினாய், காசு கொடுத்தாய்’ என்று முடித்துவிடலாம். ஏமாந்தோம் என்று நிரூபிப்பது அதனாலேயே கடினம். அப்பாவிடம் அந்தப் பழைய கதையைக் குத்திக் காட்டாதீர்கள்.

காரைக்குடி: அப்படிப் பார்த்தால் சீட்டும் ஆள் சேர்ப்பதுதானே?

இல்லை. இருபது பேர் சீட்டில் இருபது பேரோடு கதவு மூடிவிடும். இருபத்தோராவது ஆள் வராவிட்டாலும் எல்லோருக்கும் ஒருமுறை பணம் கிடைக்கும். அமைப்பாளர் கமிஷனுக்கு ஏழு சதவீதம் என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. பதிவு செய்த சீட்டாகப் பார்த்துச் சேருங்கள்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: ஆறு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். உங்கள் தங்கை சரியாக உழைக்கவில்லை என்பதற்காகத் துறையையே குறை சொல்கிறீர்கள். நீங்கள் வேலை பார்த்த வங்கியிலும் மேலே ஒரு சேர்மன், கீழே மேலாளர், அதற்கும் கீழே எழுத்தர். அதுவும் பிரமிடுதான். எல்.ஐ.சி. முகவர் சொந்தக்காரர்களிடம் விற்பதில்லையா? அவரைச் சொல்வீர்களா?

தம்பி, நேராகக் கேட்டதற்கு நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

வங்கியில் நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் மாதமே சம்பளம் வந்தது. என் நாற்காலியைத் தக்கவைக்க மாதாமாதம் வங்கியிடம் பொருள் வாங்கவில்லை. எனக்குக் கீழே ஆறு எழுத்தர்களை நான் கொண்டுவந்தால்தான் சம்பளம் என்றும் யாரும் சொல்லவில்லை. படம் வரைந்தால் இரண்டும் முக்கோணமாகத்தான் தெரியும்; பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

முகவர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் முகவர்களும் சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறார்கள். வேண்டாத பாலிசியைத் தலையில் கட்டியவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் தேர்வு எழுதித்தான் முகவராக முடியும். பாலிசி எடுத்த சித்தப்பா பாலிசிதாரராகவே இருப்பார். அவரும் முகவராகி இன்னும் ஆறு சித்தப்பாக்களைத் தேட வேண்டியதில்லை.

‘உழைக்கவில்லை’ என்கிறீர்கள். எல்லோரும் முழுமூச்சாக உழைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆறு பேர், அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேர். 6, 36, 216, 1,296, 7,776. ஆறாம் படியில் 46,656. பத்தாம் படியில் 6,04,66,176. முதல் ஆளிலிருந்து பத்தாம் படிவரை கூட்டினால் 7,25,59,411 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. கைக்குழந்தையிலிருந்து படுக்கையில் கிடக்கும் பாட்டிவரை அத்தனை பேருக்கும் ஐ.டி. போட்டாலும் பத்தாம் படி நிறையாது. மொத்தத்தில் ஆறில் ஐந்து பேர் நிற்பது அந்தக் கடைசிப் படியில்தான்; அவர்களுக்குக் கீழே யாருமே இருக்க மாட்டார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை தம்பி. நின்ற இடம் அப்படி. அவர்களிடம் போய் “நீ சரியாக உழைக்கவில்லை” என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் தங்கை இரண்டு ஆண்டு அதை நம்பித் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

கோவைத் தம்பி மீண்டும்: நடைமுறையில் யாரும் பத்துப் படி போவதில்லை. பலர் விலகுவார்கள், புதியவர்கள் வருவார்கள். என் அப்லைன் (எனக்கு மேல் படியில் இருப்பவர்) மாதம் இரண்டு லட்சம் எடுக்கிறார், கண்ணால் பார்த்தேன்.

பலர் விலகுவார்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். விலகுகிறவர் விட்டுப்போன பணத்தில்தான் மேலே இருப்பவரின் இரண்டு லட்சம் நிற்கிறது. கண்ணால் பார்த்தது எதை? கைப்பேசித் திரையையா, வங்கிக் கணக்கையா? கமிஷனில் வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையில் அவர் பெயரில் உள்ள வரிப் பிடித்தக் கணக்கில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுடையதையும் எடுத்து, பக்கத்தில் செலவு நோட்டை வையுங்கள். மற்றவர்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

கடலூர்: இந்த ஆப்பில் சேரலாமா? ஆள் சேர்த்தால் கமிஷன் தருகிறார்கள்.

சேராதீர்கள்.

திண்டுக்கல்: என் மனைவியின் தோழி ஒரு நல்ல நிறுவனத்தில்…

நாமக்கல் பதில். இன்றைக்கு இது ஐந்தாவது முறை. பெயர் மாறினால் கணக்கு மாறாது. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: கணவர் என் தாலிச்செயினை அடகு வைத்து 60,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்துவிட்டார். பாதி அட்டைப்பெட்டி பிரிக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

பிரிக்காத பெட்டிகளைத் தொடாதீர்கள். பில்லோடு அப்படியே வையுங்கள். ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அபராதமில்லாத ஒரு கால அவகாசம் விதிகளில் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொல்லி விடாதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு என்று போனால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அடகுச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். வட்டித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நகை ஏலத்துக்குப் போனது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல, தேதியை மறந்ததால்தான். அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். கணவரிடம் சண்டை வேண்டாம். அவரும் உங்களுக்காகத்தான் என்று நினைத்துச் செய்திருப்பார்.

எல்லோருக்கும் மறுபடியும்: நகையை அடகு வைத்து இதில் இறங்காதீர்கள்.

திருநெல்வேலி: பெரியம்மா மகன் பிளான் காட்ட வருகிறேன் என்கிறான். முகம் முறியாமல் எப்படி மறுப்பது?

“உன்னிடம் பொருள் வாங்க மாட்டேன், சேரவும் மாட்டேன். ஆனால் நீ வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போ” என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’, ‘அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று இழுத்தால் நாலு முறை வருவான். நாலாவது முறை நீங்கள் கதவைத் திறக்கத் தயங்குவீர்கள். சேர்ந்த முதல் வாரமே நூறு பேர் பெயரை எழுத வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது அவன்மேல் அன்பு வைத்தவர்கள்தான். நீங்களும் அதில் இருக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

கோவைத் தம்பி: அக்கா, நோட்டு எழுதிப் பார்த்தேன். எண்ணை இங்கே எழுத விருப்பமில்லை. பணத்தைவிட, என் சொந்தத் தம்பி இரண்டு வருடமாக என்னிடம் பேசுவதில்லை. அவனை நான்தான் சேர்த்துவிட்டேன்.

எண்ணை எழுத வேண்டாம். ஆறு வருட உழைப்பை ஒரு மாலையில் எழுதிப் பார்த்ததே பெரிய காரியம். வெளியே வருவதா, எப்போது என்பதை உங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இந்த மாதக் கொள்முதலை மட்டும் நிறுத்தி வையுங்கள். தம்பிக்கு இன்று இரவே போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். நிறுவனம், பொருள், பாயின்ட் என்று ஒரு வார்த்தை வேண்டாம். அவன் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள், கடையில் வாங்கியதாக இருக்கட்டும்.