பனி நாட்டில் காரைக் கிளப்ப எந்த ஹீட்டர்? கேள்வி பதில்

உட்லண்ட்ஸ் வாசகர்: அண்ணே, மகன் வேலைக்காகக் கனடாவின் கல்கரிக்குப் போகிறான். குளிர் மைனஸ் 30 வரை இறங்குமாமே. கிளப்புமுன் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. இங்கே வாங்கும் 500 வாட் ஹீட்டரை அங்கே செருகினால் 140 வாட்கூடத் தராது. அங்கே விற்ற பல கார்களில் ஹீட்டர் ஏற்கெனவே இருக்கும். முன் கிரில் பக்கம் ஒரு பிளக் தொங்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

செங்காங் வாசகர்: பிளாக் ஹீட்டர், ஆயில் பேன் ஹீட்டர், ஹோஸ் ஹீட்டர் என்று மூன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: பிளாக் என்பது எஞ்சினின் முக்கிய உலோக உடல். அந்த எஞ்சினுக்கென்றே வரும் பிளாக் ஹீட்டர்தான் என் முதல் தேர்வு. நாலு சிலிண்டர் காருக்கு 400 வாட் போதும். இதில் இரண்டு வகை. ஒன்று கூலண்டுக்குள், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்துக்குள், மூழ்கி நிற்கும். அதை மாட்டியதும் கூலண்ட் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்; உலர்ந்த நிலையில் கொடுத்தால் நொடியில் எரிந்துபோகும். மற்றது பிளாக்கில் இருக்கும் குழிக்குள் செருகுவது, டொயோட்டாவில் அதிகம். வெப்பம் கடத்தும் பசையைத் தடவாமல் செருகினால் வெப்பம் உலோகத்துக்குப் போகாமல் ஹீட்டருக்குள்ளேயே தேங்கி அது கருகிவிடும். எரிந்துபோனதாகக் கொண்டுவரும் பலவற்றில் குறை இந்தப் பசை இல்லாததுதான்.

ஆயில் பேனில், அதாவது எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டில், ஒட்டும் சிலிக்கான் பேட் மலிவு, ஒட்டுவதும் சுலபம். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, ஓரங்களைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். பிளாஸ்டிக் பேன் உள்ள கார்களுக்கு ஆகாது. கூலண்ட் ஓடும் ரப்பர் ஹோஸை வெட்டிப் பொருத்தும் வகை, வேறு வழியில்லாதபோது மட்டும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயில் விடும் ஹீட்டரை வாங்கவே வேண்டாம். சுற்றியுள்ள கொஞ்சம் எண்ணெயைக் கருக்கும், மீதி அப்படியே உறைந்து கிடக்கும்.

தெம்பனிஸ் வாசகி: தம்பி, மகள் வின்னிபெக்கில் படிக்கிறாள். ராத்திரி முழுக்கச் செருகி வைத்தும் காலையில் கார் முக்குகிறது. ஏன்?

பதில்: அக்கா, ஹீட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிளக்கை மின்சாரத்திலிருந்து கழற்றி, அதன் இரண்டு தட்டை முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால் 400 வாட் ஹீட்டருக்கு 36 ஓம் பக்கம் மின்தடை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள்: வெளிப்புறத்துக்கானதாக, மூன்று முனையோடு, 14 கேஜ் தடிமனில் இருக்க வேண்டும். பிளக் தொட்டால் சுட்டால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் பயன்படுத்த வேண்டாம், தீப்பிடிக்கும்.

அதுவும் சரியென்றால் பாட்டரி. மைனஸ் 18இல் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், பிளாக் ஹீட்டர் அதைச் சூடாக்காது. பாட்டரிக்குத் தனிப் போர்வை ஹீட்டர் கிடைக்கும். கார் புத்தகம் அனுமதித்தால் கடுங்குளிரிலும் இளகியிருக்கும் 0டபிள்யூ எஞ்சின் எண்ணெய்க்கு மாறச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கச் செருகுவதும் வீண். மூன்று நாலு மணி நேரத்துக்குப் பிறகு சூடு பெரிதாக ஏறாது. டைமர் வைத்து மூன்று மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட்தான். இன்னொன்று, கதவடைத்த கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

ஜூரோங் வாசகர்: நான் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன். நம் வெயிலில், மின்சாரம் போனால் ஓடும் ஜென்செட்டுக்கு (ஜெனரேட்டர்) எதற்கு அதன் கூலண்டைச் சூடாக்கும் ஜாக்கெட் ஹீட்டர்? கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள். மின்சாரம் போன சில நொடிகளில் முழுச் சுமையையும் ஏற்க வேண்டிய எஞ்சின் அது. வெதுவெதுப்பாக இருந்தால்தான் திணறாமல் ஏற்கும். எஞ்சின் ஓடும்போது ஹீட்டர் தானாக அணைகிறதா என்று பாருங்கள். எப்போதும் சூட்டிலேயே இருப்பதால் அதன் ரப்பர் ஹோஸ்தான் முதலில் விறைத்து வெடிக்கும். மாதச் சோதனையில் ஹோஸின் இரண்டு முனைகளையும் கையால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.