வீட்டில் முதல் பட்டதாரி, இளங்கலையில் கணிதம் இல்லை, பொருளியலில் பி.எச்டிக்குத் தயாராக முடியுமா?

முடியும். ஆனால் 'ஆர்வம் இருந்தால் போதும்' என்று சொல்பவர்களை நம்பி இரண்டு வருடத்தை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

'வணிகவியல் படித்தேன், வேலையில் இருக்கிறேன், வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், 27 வயதில் இந்த ஆசை வரலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய அதே இடத்தில் நின்றவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பி.எச்டி மூன்றாம் ஆண்டு. பெரிய பெயர் உள்ள துறை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பத்து இடங்களில் ஒன்றுக்குத்தான் போவேன் என்பவர்கள் அங்கே படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

என் தயாரிப்பு என்னவாக இருந்தது தெரியுமா? வறுமை, கடன், ஏற்றத்தாழ்வு பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே எங்கள் வீட்டில் பத்து வருடம் ஓடியது. அந்தக் கதையை விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையில் உருகி உருகி எழுதினேன். ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஒன்பதிலிருந்தும் மறுப்பு. ஏன் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. கடைசியில் ஏற்கெனவே பி.எச்டியில் இருந்த ஒரு சீனியர் அக்காவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் கட்டுரையைத் தொடவே இல்லை, மதிப்பெண் பட்டியலைத்தான் எடுத்தார். "தம்பி, இதுல கணக்கே இல்லையே. உன்னால முதல் வருஷத்தைத் தாண்ட முடியும்னு அவங்க எதை வச்சு நம்புவாங்க?" என்றார்.

அந்த ஒரு கேள்வி எனக்கு இரண்டு வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

பொருளியல் பி.எச்டியின் முதல் ஆண்டில் வறுமையைப் பற்றியோ பணவீக்கத்தைப் பற்றியோ விவாதம் நடக்காது. நுண்பொருளியல், பேரியல் பொருளியல், எக்கனாமெட்ரிக்ஸ் (தரவைக் கொண்டு பொருளியலைச் சோதிக்கும் புள்ளியியல்) மூன்றும் நடக்கும், மூன்றும் பெரும்பாலும் கணிதம். அந்த ஆண்டு முடிவில் பல துறைகளில் ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள், அதில் தேறாவிட்டால் வெளியே போக வேண்டியிருக்கும். அதனால்தான் சேர்க்கைக் குழு கால்குலஸ், லீனியர் ஆல்ஜிப்ரா, நிகழ்தகவு, முக்கியமாக ரியல் அனாலிசிஸ் (கால்குலஸின் அடிப்படைகளை நிரூபித்துப் படிக்கும் பாடம்) ஆகியவற்றைத் தேடுகிறது. ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் அது இவற்றுக்கு ஈடாகாது.

வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் ரியல் அனாலிசிஸ் எடுத்தேன். முதல் வீட்டுப்பாடம் திரும்பி வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு சார்பின் மதிப்பு எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான், அதற்காகப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது டெல்டா. 'ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு' என்று எழுத வேண்டிய இடத்தில், 'ஒரு டெல்டா உண்டு, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'எது முதலில்?' என்று மட்டும் எழுதியிருந்தார் ஆசிரியர். வார்த்தைகள்தானே இடம் மாறியிருக்கின்றன, இதில் என்ன இருக்கிறது என்று கோபம் வந்தது. மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது. நான் எழுதியது உண்மையாக வேண்டுமென்றால் அந்தச் சார்பு அந்தப் புள்ளியைச் சுற்றி அசையாமல் ஒரே மதிப்பில் கிடக்க வேண்டும். நான் சொல்ல வந்ததோ தொடர்ச்சி, அதாவது மதிப்பு திடீரென்று தாவாமல் இருப்பது. இரண்டும் வேறு வேறு உலகம்.

இதற்கும் பொருளியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வரவுக்குள் செலவு செய்யும் ஒருவருக்கு 'மிகச் சிறந்த தேர்வு' என்று ஒன்று இருக்கிறதா? விலைகள் எல்லாம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அவரால் வாங்க முடிந்தவற்றின் தொகுப்பு மூடியது (அதன் விளிம்பும் அதில் சேரும்), எல்லைக்குட்பட்டது. எது எவ்வளவு பிடிக்கும் என்று எண்ணில் சொல்லும் அவருடைய பயன்பாட்டுச் சார்பு தொடர்ச்சியானது என்றால் உச்சம் நிச்சயம் உண்டு. இந்தத் தேற்றத்தை எனக்கு அனாலிசிஸ் வகுப்பில்தான் நிரூபித்துக் காட்டினார்கள். நுண்பொருளியல் வகுப்பில் அது ஒரே வரியில் கடந்து போய்விடும். முன்பே தெரிந்தவர்கள் தலையாட்டுவார்கள், தெரியாதவர்கள் அன்று இரவு முழுக்க உட்கார வேண்டியதுதான்.

'எலினோர் ஆஸ்ட்ரம் கணிதம் இல்லாமலே நோபல் வாங்கினாரே' என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். போதிய கணிதம் படிக்கவில்லை என்று அவரைப் பொருளியல் பி.எச்டியில் சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளியிலேயே பெண் என்பதால் மேற்கொண்டு கணிதம் எடுக்க விடாமல் திருப்பிவிட்டிருந்தார்கள். அவர் அரசியல் அறிவியலில் 1965-இல் முனைவர் பட்டம் வாங்கினார், 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் ஆனார். இதில் எனக்குத் தெரிவது மூடிய கதவுதான். அத்தனை திறமையுள்ளவருக்கே அது திறக்கவில்லை. கணிதத்தை இப்படி வாசல்காவலாக வைப்பது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கப்போவது இருக்கிற வாசலில்தான்.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பதினெட்டு வயதிலேயே காதில் விழுந்துவிடுகிறது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து பொருளியல் முனைவர் பட்டம் வாங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பெற்றோரில் ஒருவராவது முதுநிலையோ அதற்கு மேலோ படித்தவர். கறுப்பின மாணவர்கள் உட்பட இத்துறையில் அரிதாகத் தென்படும் பின்னணியினருக்காக அமெரிக்கப் பொருளியல் சங்கம் 1970-களிலிருந்து கோடைக்காலப் பயிற்சி நடத்துகிறது. அதில் சொல்லித்தருவது முதலாண்டுக்கான கணிதமும் எக்கனாமெட்ரிக்ஸும் ஆய்வும்தான். திறமை குறைவு என்பதற்காக அல்ல, தகவலும் பயிற்சியும் போய்ச் சேரவில்லை என்பதற்காக அது இருக்கிறது. 1921-இல் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் சேடி அலெக்சாண்டர். பட்டம் இருந்தும் பொருளியலாளராக அவருக்கு வேலை கிடைக்கவில்லை, சட்டம் படித்து வழக்கறிஞரானார். துறைக்குள் நுழைவது ஒரு பாடு, நுழைந்தபின் இடம் கிடைப்பது இன்னொரு பாடு.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். என் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் போய் நின்றபோது, "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்து போட்டுத் தருகிறேன்" என்றார். நானும் 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவன்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. உங்களோடு சேர்ந்து ஆய்வு செய்தவர், 'இந்த இடத்தில் இவர் இப்படி ஒரு தவறைக் கண்டுபிடித்தார்' என்று எழுதும் கடிதத்துக்குத்தான் எடை. அதற்காகவே இப்போது பலர் பிரீடாக் எனப்படும் முழுநேர ஆய்வு உதவியாளர் வேலையில் ஓரிரு வருடம் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கொட்டிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். பிரீடாக் கிடைக்கும் முன் ஒருவரிடம் எட்டு மாதம் சம்பளமில்லாமல் தரவு சுத்தம் செய்தேன். ஒரே கிராமத்தின் பெயர் நான்கு எழுத்துக்கூட்டலில் வரும். அப்படி ஆயிரக்கணக்கான வரிகளை ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒன்றுசேர்த்துக் கொடுத்தேன். கட்டுரை வெளிவந்தபோது நன்றி சொல்லும் அடிக்குறிப்பில்கூட என் பெயர் இல்லை. 'அனுபவம் கிடைத்ததே' என்று ஆறுதல் சொன்னவர்கள் எல்லாரும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். சம்பளமில்லாமல் எட்டு மாதம் உட்கார வசதி உள்ளவன்தான் அனுபவம் பெறலாம் என்றால் பின்னணி பற்றி நாம் பேசி என்ன பயன்? ஊதியம் இல்லாத வேலைக்கு நீங்கள் போகாதீர்கள். ஊதியம் தரும் பிரீடாக் இடங்கள் இருக்கின்றன.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 27 வயது ஒரு தடையே இல்லை, என் வகுப்பில் முப்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். பணத்தை நினைத்தும் பின்வாங்காதீர்கள்: அமெரிக்காவில் பி.எச்டி இடம் கிடைத்தால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கும் பல இடங்களில் விலக்கு உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். எனக்குக் கேட்கலாம் என்றே தெரியாது. கணிதத்துக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாட வீடியோக்களில் தொடங்குங்கள். ஆனால் வீடியோ பார்த்தால் மதிப்பெண் பட்டியலில் எதுவும் ஏறாது. எங்காவது பதிவு செய்து, தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்குங்கள். அதே எம்ஐடி நடத்தும் தரவு, பொருளியல், கொள்கை பற்றிய மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற இணையவழிச் சான்றிதழ் படிப்பில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். அதுவும் ஒரு வழி.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர். இந்த டிசம்பருக்கு ஓடாதீர்கள். லீனியர் ஆல்ஜிப்ராவில் தொடங்கி, அனாலிசிஸ் முடித்து, ஒரு பிரீடாக் பார்த்துவிட்டு வர மூன்று வருடம் ஆகலாம். எனக்கு ஆனது. இரண்டாவது முறை எட்டு இடங்களுக்குப் போட்டேன், இரண்டில் கிடைத்தது. அதில் ஒன்றில் நேர்காணல் செய்தவர் என் கடன் கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அனாலிசிஸ் யாரிடம் படித்தாய் என்றுதான் கேட்டார்.